கூறியது கூறும் தூதன்



திருக்குறளில் தூது என்று ஓர் அதிகாரம் உண்டு. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர் தூதரை இருவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். வேற்றரசன் அவையில் காலமும் இடமும் அறிந்து, சொல்ல வேண்டியதைத் தாமே வகுத்துக் கூறுவோர் ஒருவகையினர். தம் அரசன் கூறியதைச் சென்று கூறுவோர் மற்றொரு வகையினர். பின்னவரை முன்னவரினும் சற்றுக் குறைந்தவராகவே அவர் மதிக்கிறார். அரசியலுக்கு அந்த மதிப்பீடு பொருந்தலாம். ஆனால் கணிப்பொறிக்குள்ளே ஒரு தூதன் இருக்கிறான். அவன் கூறியதைக் கூறினாலே போதும். அவன் தன் விருப்பம்போல் வகுத்துக் கூறத் தொடங்கினால், அல்லது கூறப்பட்டதில் ஒரு பாதியை வழியிலே தவறவிட்டால், விளையும் கேடு பெரிது. அந்தத் தூதனைப் பற்றியும், அவன் பிழை செய்யுமிடத்து நிரலாசிரியர்கள் அவனைத் திருத்தும் முறையைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

அவன் எந்த இரு நாடுகளுக்கிடையே செல்கிறான் என்பதை முதலில் பார்ப்போம்.

ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் இருப்பதுபோலத் தோன்றச் செய்யும் கலை ஒன்று உண்டு. அப்படித் தோன்றும் ஒவ்வொன்றையும் மெய்நிகர் இயந்திரம் என்கிறோம். இது புதிய எண்ணம் அன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-இலேயே வி.எம்./370 என்ற பெயரில் இத்தகைய ஏற்பாட்டை அறிவித்தது. அக்காலத்தில் அது பெருநிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடிய பெரிய இயந்திரங்களுக்கு உரியதாக இருந்தது. பிற்காலத்தில் சாதாரணக் கணிப்பொறிகளுக்கும் அந்த வசதி வந்தது. லினக்ஸ் உலகில் ஸென், கியூஎமு, கேவிஎம் முதலிய ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. கேவிஎம் 2007-இல் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது.

ஏற்பாடுகள் பலவானால் கட்டளைகளும் பலவாகும் அன்றோ? ஒன்றை இயக்கக் கற்றவர் மற்றொன்றை இயக்க மீண்டும் கற்க வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க 2005-இல் ரெட் ஹாட் நிறுவனத்தில் லிப்வர்ட் என்ற நிரல் நூலகம் தொடங்கப்பட்டது. நூலகம் என்றதும் அலமாரியும் புத்தகமும் நினைவுக்கு வரவேண்டா. பிற நிரல்கள் எடுத்து ஆளத்தக்க செயற்கூறுகளின் தொகுதிக்கு அந்தத் துறையில் அப்படிப் பெயர். 'இந்த இயந்திரத்தைத் தொடங்கு', 'அதை நிறுத்து', 'எத்தனை இயந்திரங்கள் ஓடுகின்றன என்று சொல்' என்று ஒரேவிதமாகக் கேட்டால், அடியில் உள்ளது எந்த ஏற்பாடானாலும் லிப்வர்ட் அதற்கேற்பப் பேசி முடித்துத் தரும்.

லிப்வர்ட் எழுதப்பட்டிருப்பது சி மொழியில். விரைவும் சிக்கனமும் உடைய மொழி அது. ஆயினும் நாள்தோறும் கணிப்பொறிகளைப் பேணுவோர் அதில் எழுத விரும்புவதில்லை. பத்து வரிகளில் ஒரு வேலையை முடிக்கப் பைத்தான், பெர்ல், ரூபி போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளையே நாடுகின்றனர். உங்களிற் பலர் பள்ளியிலேயே பைத்தானைப் பயின்றிருப்பீர்கள். பைத்தானில் எழுதுபவர் சி மொழியில் உள்ள லிப்வர்ட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் இடையில் ஒரு துபாஷி வேண்டும். அதற்குப் பைண்டிங் என்று பெயர். நாம் பிணைப்பு என்று சொல்லலாம். இதுவே நான் சொன்ன தூதன்.

உண்மையில் தூதன் ஒருவன் அல்லன், இருவர். லிப்வர்ட்டின் பைத்தான் பிணைப்பில் கீழே ஓர் அடுக்கு சி மொழியில் இருக்கிறது. மேலே ஓர் அடுக்கு பைத்தானில் இருக்கிறது. கீழ்த்தூதன் லிப்வர்ட்டிடம் நேரே பேசி விடையைப் பெற்று வருகிறான். மேல்தூதன் அந்த விடையைப் பார்த்து, 'இது வெற்றியா தோல்வியா?' என்று முடிவு செய்து, நம் நிரலிடம் ஒப்படைக்கிறான். செயற்கூறுகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், பெரும்பாலானவற்றுக்கு இந்த இரு தூதரையும் ஒரு நிரலே எழுதித் தந்துவிடுகிறது. விடை பட்டியலாகவோ அட்டவணையாகவோ வரும் செயற்கூறுகளுக்கு மட்டும் கீழ்த்தூதனை மனிதர் கையால் எழுத வேண்டியிருக்கிறது. பிழைகள் மிகுதியும் குடிகொள்ளும் இடம் இந்தக் கையெழுத்துப் பகுதியே.

வேலை நன்றாக முடிந்தால் தூதருக்குச் சிக்கல் இல்லை. தோல்வியைக் கொண்டுவருவதில்தான் அவர்களுடைய திறமை தெரியும். ஏனெனில் சி மொழியும் பைத்தானும் தோல்வியைச் சொல்லும் வழக்கம் வெவ்வேறு.

சி மொழிக்குத் தோல்வியைச் சொல்லத் தனிச்சொல் கிடையாது. விடை வரவேண்டிய இடத்திலேயே ஏதாவது ஒரு குறியை வைக்க வேண்டும். எண் வரவேண்டிய இடமானால் லிப்வர்ட் -1 என்று வைக்கும். ஒரு பொருளின் முகவரி வரவேண்டிய இடமானால் நல் என்ற வெற்று முகவரியை வைக்கும். தோல்வியின் காரணத்தை வேறோரிடத்தில் எழுதி வைக்கும். குறியைக் கண்டவர் அங்கே சென்று, 'கடைசியாக நேர்ந்த பிழை யாது?' என்று கேட்டறிய வேண்டும். கேட்காமல் போனாலும் தடுப்பார் இல்லை. பைத்தானின் வழக்கம் வேறு. அங்கே தோல்வி நேர்ந்தால் நிரலின் ஓட்டமே முறிந்து, ஒரு விதிவிலக்கு எழும்பும். அதை யாராவது ஏற்றுக் கவனித்தால்தான் நிரல் மேலே ஓடும், இல்லையேல் நின்றுவிடும். சி மொழியில் தோல்வி, வாசலில் போட்டுவிட்டுப் போன கடிதம். குனிந்து எடுத்தால் உண்டு. பைத்தானில் அது கதவைத் தட்டுகிற ஆள்.

இங்கே ஒரு சொல்விளையாட்டு. சி மொழியின் வெறுமைக்கு நல் என்று பெயர். பைத்தானின் வெறுமைக்கு நன் என்று பெயர். இரண்டும் தமிழ்க் காதுக்கு நன்மையாக ஒலிக்கின்றன. இரண்டும் நல்லவை அல்ல என்பதையும், ஒன்று மற்றொன்று அன்று என்பதையும் நீங்கள் மறவாதிருக்க வேண்டும். இன்றைய பேச்சின் நடுப்பகுதி முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றியதே.

கீழ்த்தூதன் நன் என்றோ -1 என்றோ கொண்டுவந்தால், மேல்தூதன் அதை 'லிப்வர்ட் தோற்றது' என்று புரிந்துகொள்கிறான். உடனே லிப்வர்ட்டிடம் கடைசிப் பிழையைக் கேட்டு, அதை விதிவிலக்காக எழுப்புகிறான். கீழ்த்தூதன் நல் கொண்டுவந்தால் நிலைமை வேறு. அதை மேல்தூதன் காண்பதே இல்லை. பைத்தானே இடையில் புகுந்து, 'என் பக்கத்தில் ஏதோ தோல்வி. அதன் காரணம் என் குறிப்பேட்டில் பதிந்திருக்க வேண்டும்' என்று கொண்டு, பதிந்திருக்கும் விதிவிலக்கை எழுப்பும். ஆகவே கீழ்த்தூதன் இரண்டு பேரரசுகளின் எல்லையில் நிற்கிறான். ஒவ்வொரு பேரரசுக்கும் தனித்தனிப் பிழைக் குறிப்பேடு உண்டு. தோற்றவர் யார் என்று அறிந்து, உரிய குறியைக் கொடுப்பது அவன் கடமை.

இதில் இரண்டுவிதமாகத் தவறலாம்.

முதல்விதம். ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கு மையச் செயலகத்தில் எவ்வளவு பங்கு தரவேண்டும் என்பதை எண்ணால் குறிக்கலாம். மாணவர் ஒருவர் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கொள்வோம். கீழ்த்தூதன் அதைச் சி மொழியின் எண்ணாக மாற்றப் பார்க்கிறான், முடியவில்லை. 'எண் வேண்டும், சொல் வந்திருக்கிறது' என்று பைத்தான் தன் குறிப்பேட்டில் தெளிவாகப் பதிகிறது. மாணவருக்கு வேண்டிய செய்தி அதுதான். அந்நிலையில் கீழ்த்தூதன் நல் கொடுத்திருக்க வேண்டும். அவன் பழக்கத்தால் -1 கொடுத்துவிட்டான். பழைய பைத்தான் 2-இல் என்ன நடக்கும்? மேல்தூதன், 'லிப்வர்ட் தோற்றது' என்று எண்ணி, அதனிடம் காரணம் கேட்பான். லிப்வர்ட்டோ இந்த வேலையைத் தொடவே இல்லை. 'என்னிடம் பிழை ஒன்றும் இல்லையே' என்று சொல்லும். கையில் காரணம் இல்லாத மேல்தூதன், 'இன்ன செயற்கூறு தோற்றது' என்ற மொட்டை வாக்கியத்தை மட்டும் விதிவிலக்காக எழுப்புவான். குற்றம் செய்யாத லிப்வர்ட்டின்மேல் பழி விழும். உண்மைக் காரணம் ஒருவர் கண்ணிலும் படாமல் போகும். பைத்தான் 3-இன் இக்காலப் பதிப்புகள் இதைக் கண்டுகொள்கின்றன. 'விடையும் கொடுத்தாய், பிழையும் பதிந்திருக்கிறது. இது முரண்' என்று கூறி, அமைப்புப் பிழை என்ற வேறொரு விதிவிலக்கை எழுப்புகின்றன. ஊமையாக இருப்பதைவிட இது நன்று. எனினும் அதைப் படிக்கும் மாணவர், தாம் எண்ணுக்குப் பதில் சொல்லை எழுதியதை எளிதில் உணர்வாரா என்பது ஐயமே.

இரண்டாம் விதம் இதற்கு நேர்மாறானது. லிப்வர்ட்டே தோற்றது, காரணமும் லிப்வர்ட்டின் குறிப்பேட்டில் ஒழுங்காக இருக்கிறது. கீழ்த்தூதன் நன் கொடுக்க வேண்டியவன் நல் கொடுத்துவிட்டான். பைத்தான் தன் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கிறது. பக்கம் வெறுமையாக இருக்கிறது. 'தோல்வி என்கிறாய், காரணம் எங்கே?' என்று அது மீண்டும் அமைப்புப் பிழையை எழுப்புகிறது. உண்மைச் செய்தி லிப்வர்ட்டிடம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அடுத்து யாராவது லிப்வர்ட்டின் வேறொரு செயற்கூறை அழைத்தால் அதுவும் அழிந்துபோகும்.

திருத்துவோர் செய்வது யாது? கையால் எழுதப்பட்ட ஒவ்வொரு செயற்கூறையும் எடுத்து, அதிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வாயிலிலும் நின்று, 'இங்கே தோற்றவர் யார்?' என்று கேட்கின்றனர். லிப்வர்ட் என்றால் -1 அல்லது நன். பைத்தான் என்றால் நல், அதன் குறிப்பேட்டில் கைவைக்கக் கூடாது. விதி இரண்டே வரிதான். ஆனால் ஒரு செயற்கூறில் பத்து வாயில்கள் இருக்கும், செயற்கூறுகளோ பல. சலிப்பூட்டும் வேலை. சலிப்பைத் தாங்குகிறவர்களே இதைச் செய்ய முடியும். பெயர் வெளிவராத இப்பணிக்கு நான் தனி மதிப்பு வைத்திருக்கிறேன்.

வாயில்கள் பலவாக இருப்பதே ஒரு கேடு. ஒரு செயற்கூறு பத்து விவரங்களைக் கொண்ட பட்டியலைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஏழாவதில் நினைவகம் போதாமல் தடைப்படுகிறது. அரைகுறைப் பட்டியலை என்ன செய்வது? அப்படியே கொடுத்தால், பெறுகிறவர் ஆறே விவரங்கள்தாம் உண்டு என்று நம்பக்கூடும், அல்லது வெற்றிடத்தைத் தொட்டு நிரலே விழக்கூடும். விட்டுவிட்டு ஓடினால் அது நினைவகத்தில் உரிமையாளர் இல்லாத சரக்காகத் தங்கும். நாள்தோறும் இரவும் பகலும் ஓடும் நிரலானால் அச்சரக்கு மலையாகும். ஆதலால் எத்தனை இடத்தில் தடை நேர்ந்தாலும் எல்லாவற்றையும் ஒரே இறுதி வாயிலுக்குக் கொண்டுவந்து, அங்கே பெற்றவற்றை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுமாறு செயற்கூறுகளை மாற்றி எழுதுகின்றனர். வீட்டுக்குப் பின்வாசலும் பக்கவாசலும் பல இருந்தால் இரவில் எதைப் பூட்டினோம் என்பது தெரியாது. ஒரே வாசலானால் கவலை இல்லை.

இனி -1 என்னும் குறியைப் பற்றிச் சில சொற்கள். மதிப்பெண் பட்டியலில் ஒரு மாணவனுக்கு 0 என்று எழுதுவதும், தேர்வுக்கு வரவில்லை என்று எழுதுவதும் ஒன்றல்ல. முன்னது விடை, பின்னது விடை இல்லை என்ற செய்தி. வராதவனுக்கு 0 போட்டால் வகுப்பின் சராசரி கெடும். அவன் தலைவிதியும் கெடும். கணிப்பொறியில் இந்தக் குழப்பம் இன்னும் எளிதில் நேரும். 'இந்த இயந்திரம் ஓடுகிறதா?' என்று லிப்வர்ட்டைக் கேட்டால் ஓடுகிறது என்பதற்கு 1, ஓடவில்லை என்பதற்கு 0, அறிய முடியவில்லை என்பதற்கு -1 என மூன்று விடைகள் உண்டு. பைத்தானோ 0 அல்லாத எண் எதுவாயினும் அதை ஆம் என்றே கொள்ளும். ஆகவே தூதன் -1-ஐச் சோதிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால், 'தெரியவில்லை' என்று லிப்வர்ட் சொன்னது 'ஆம், ஓடுகிறது' என்று நம் காதில் விழும். இதனால்தான் மேல்தூதன் -1 கண்டதும் விதிவிலக்கை எழுப்பும்படி எழுதப்பட்டிருக்கிறான்.

அப்படியானால் -1 வந்த இடமெல்லாம் பிழை என்று பொது விதி செய்துவிடலாமா? அதுவும் கூடாது என்பதுதான் சுவை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் லிப்வர்ட் ஓர் எண் தருகிறது. நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் இயந்திரத்துக்கு எண் கிடையாது. அதன் எண்ணைக் கேட்டால் -1 வரும். இங்கே -1 தோல்வி அன்று. 'இப்போது ஓடவில்லை' என்ற நேரான விடை. இதைப் பிழை என்று தூதன் கூச்சலிட்டால், உறங்கும் இயந்திரங்களைப் பட்டியலிடும் நிரல் ஒன்றும் வேலை செய்யாது. ஆகவே தூதரை எழுதும் நிரலுக்குள் விதிவிலக்கு எழுப்பக்கூடாத செயற்கூறுகள் எவை என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். பொது விதி எழுதுகிறவர் அவ்விதி பொருந்தாத இடங்களையும் எழுதி வைக்க வேண்டும். இலக்கண ஆசிரியர்கள் புறனடை வைப்பது இதற்காகத்தானே?

காரணத்தை எழுதி வைக்கும் குறிப்பேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிப்வர்ட்டின் குறிப்பேடு வகுப்பறைக் கரும்பலகை போன்றது. அடுத்த பாடத்துக்கு வரும் ஆசிரியர் முதலில் அதைத் துடைத்துவிட்டே தொடங்குவார். லிப்வர்ட்டின் வெளிச் செயற்கூறு ஒவ்வொன்றும் தொடங்கும்போது முன்பிருந்த பிழையைத் துடைக்கிறது. ஒரு பொருளை விடுவிக்கும் எளிய செயற்கூறுகூட அப்படியே. ஆதலால் தோல்வி நேர்ந்ததும் முதலில் பலகையைப் படித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் இடத்தைத் துப்புரவு செய்ய வேண்டும். முறை மாறினால் துப்புரவே தடயத்தை அழித்துவிடும். ஒரே நிரலில் பல இழைகள் ஒருங்கே ஓடும்போது ஒருவர் பிழையை மற்றொருவர் படித்துவிடக் கூடாது என்பதற்காக இழைக்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பைத்தான் பிணைப்பு எழுப்பும் விதிவிலக்கு, பிறக்கும்போதே பலகையில் உள்ளதைத் தன்னுள் படியெடுத்துக்கொள்கிறது. பிறகு பலகை துடைக்கப்பட்டாலும் கவலை இல்லை.

நன்னூல் படித்தவர்களுக்குக் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்ற குற்றங்கள் தெரிந்திருக்கும். காரணத்தைத் தொலைத்துவிட்டு மொட்டையாக நிற்பது குன்றக் கூறல். மிகைபடக் கூறலும் இங்கே உண்டு. லிப்வர்ட்டிடம், 'பிழைகளை யாரிடம் சொல்ல வேண்டும்' என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், அது தானாகவே ஒரு வரியைத் திரையில் எழுதிவிடும். நம் நிரல் அதே பிழையை விதிவிலக்காக ஏற்று அமைதியாகச் சமாளித்திருக்கலாம். ஆனாலும் திரையில் அவ்வரி தோன்றி, பார்ப்பவரை அச்சுறுத்தும். இதற்கென ஒரு செயற்கூறைப் பதிவு செய்து வைத்தால் லிப்வர்ட் அதனிடம் சொல்லிவிட்டுத் திரையை விட்டுவிடும். அனுபவம் மிக்கவர்கள் நிரலின் தொடக்கத்திலேயே இதைச் செய்துவிடுகின்றனர். கூறியது கூறல் என்பதும் நன்னூலார் கண்ட குற்றங்களுள் ஒன்றே. நூலுக்கு அது குற்றம். நம் தூதனுக்கு அதுவே தொழில்!

இவ்வளவு நுணுக்கமும் எதற்காக என்று கேட்பீர்கள். ஒரு நிலைமையைக் கற்பனை செய்யுங்கள். ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மெய்நிகர் இயந்திரம் இருக்கிறது. ஆறு மாத உழைப்பு அதனுள் இருக்கிறது. இரவில் ஒரு சிறு நிரல் ஓடுகிறது. பெயர்ப்பட்டியலை எடுத்து, 'இந்தப் பெயரில் இயந்திரம் உண்டா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. உண்டு என்றால் விட்டுவிடும். இல்லை என்றால் வெற்று வட்டுடன் புதிதாக ஒன்றை அமைக்கும். புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு மறுநாள் காலையில் இயந்திரம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதப்பட்டது. எழுதியவர், எந்த விதிவிலக்கு எழுந்தாலும் 'இல்லை' என்று கொள்ளும்படி எழுதிவிட்டார். ஒருநாள் நள்ளிரவில் இயந்திரங்களை நடத்தும் கணிப்பொறியோடு இருந்த தொடர்பு சிறிது நேரம் அறுந்துபோகிறது. கேட்ட பெயருக்கெல்லாம் தோல்வி. தொடர்பு மீண்டதும் அந்த நிரல், 'இல்லை' என்று குறித்துக்கொண்ட பெயர்களுக்கெல்லாம் பழைய வட்டுகளின்மேலேயே வெற்று வட்டுகளை எழுதி முடிக்கிறது. காலையில் ஆய்வுக்கூடத்துக்கு வரும் மாணவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

'இல்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் ஒன்றாகிவிட்டதால் வந்த வினை இது. லிப்வர்ட் இவ்விரண்டையும் ஒன்றாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு குறியெண் வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் இயந்திரம் இல்லை என்பதற்குக் குறியெண் 42. கேட்ட செயல் இந்த நிலையில் பொருந்தாது என்பதற்கு 55. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை மீண்டும் தொடங்கச் சொன்னால் இது வரும். தொடர்பு பற்றிய தோல்விகளுக்கு வேறு எண்கள். பைத்தானில் விதிவிலக்கை ஏற்றதும் அதன் குறியெண்ணைக் கேட்டுப் பார்த்து, 42 என்றால் மட்டுமே 'இல்லை' என்று கொண்டு, மற்றவை எதுவாயினும் அந்த விதிவிலக்கை மீண்டும் எழுப்பிவிட வேண்டும். நிரல் அங்கே நின்றுபோகும், நிற்கட்டும். காலையில் ஒருவர் வந்து பார்ப்பார். வட்டுகள் அழியாமல் இருக்கும். இப்படி எழுதுவது நிரலாசிரியரின் பொறுப்பு. ஆனால் தூதன் வழியில் குறியெண்ணைத் தொலைத்துவிட்டு மொட்டைச் செய்தியைக் கொண்டுவந்தால், எவ்வளவு கவனமுள்ள நிரலாசிரியரும் 42-ஐ எங்கே தேடுவார்? பிணைப்பைத் திருத்துவோர் அவர் கையில் அந்த எண்ணைச் சேர்ப்பிக்கவே பாடுபடுகின்றனர்.

செய்தி எப்போதும் கீழிருந்து மேலாகவே வருவதில்லை. 'இயந்திரம் ஏதேனும் நின்றால் எனக்குச் சொல்' என்று நம் பைத்தான் செயற்கூறு ஒன்றை லிப்வர்ட்டிடம் ஒப்படைத்து வைக்கலாம். அப்போது லிப்வர்ட் நம்மை அழைக்கும். நம் செயற்கூறுக்குள் விதிவிலக்கு எழுந்தால் அது எங்கே போகும்? சி மொழியில் விதிவிலக்கு நடக்கத்தக்க பாதையே கிடையாது. தூதன் அதை எல்லையிலேயே நிறுத்தி, அதன் விவரத்தை அச்சிட்டுவிட்டு, குறிப்பேட்டைத் துடைத்துவிடுகிறான். வேறு வழியில்லை, அச்சிடாமல் துடைத்தால்தான் குற்றம்.

மற்ற மொழிகளின் தூதர்கள் அந்தந்த நாட்டு வழக்கப்படி நடக்கின்றனர். பெர்லில் பிழை ஒரு பொருளாக எழுந்து நிரலை முறிக்கும். கோ மொழியில் ஒவ்வொரு செயற்கூறும் விடையோடு பிழையையும் பக்கத்தில் வைத்தே கொடுக்கும். பிஎச்பியில் பொய் என்ற மதிப்பு வரும். காரணத்தை நாமே போய்க் கேட்க வேண்டும். இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதம் ஓயாதது. எனக்குப் பைத்தானின் வழக்கமே பிடிக்கும். கதவைத் தட்டுகிறவனை மறந்துவிட முடியாதல்லவா?

பிணைப்பு 2013 வரை லிப்வர்ட்டின் மூல நிரல்களோடு ஒன்றாக இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் அதைத் தனியாகப் பிரித்து வெளியிடத் தொடங்கினர். மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது, நீங்களும் படிக்கலாம்.

படிப்பதோடு நில்லாமல் செய்தும் பார்க்கலாம். மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் பெரிய கணிப்பொறி உங்களிடம் இல்லையே என்று வருந்த வேண்டா. பழகுவதற்கென்றே லிப்வர்ட்டில் ஒரு பொய்ந்நாடு இருக்கிறது. இணைப்பு முகவரியாக டெஸ்ட் என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளியும் மூன்று சாய்கோடுகளும் இட்டு, டீஃபால்ட் என்று முடித்தால் அந்நாட்டுக்குள் நுழையலாம். அங்கே டெஸ்ட் என்ற பெயருடைய ஒரே இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும். உண்மையில் ஒன்றும் ஓடவில்லை. அதனால் எதுவும் கெடாது. அந்தப் பெயரைக் கேளுங்கள், விடை வரும். அங்கில்லாத ஒரு பெயரைக் கேளுங்கள், விதிவிலக்கு எழும். அதைப் பிடித்துக் குறியெண்ணைக் கேட்டால் 42 என்று சொல்லும். பிறகு டெஸ்ட் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் எண்ணைக் கேளுங்கள். -1 வரும், விதிவிலக்கு வராது. நீங்கள் ஏற்கெனவே சமாளித்துவிட்ட பிழையைப் பற்றித் திரையில் தனியே ஒரு வரி தோன்றியிருக்குமானால், பிழையை வாங்கிக்கொள்ளும் செயற்கூறை நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்று பொருள்.